தோட்டத்துக் கல்யாணமும் கொழும்பு மண்டபமும்

தெரணியகலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்குக் கல்யாணத்துக்குப் புறப்படும் வாடகை பஸ், விடியற்காலை மூன்றரை நான்கு மணிக்கே லயத்தடிக்கு வந்துவிடும். அவிசாவளையில் ஒரு தேநீர். பிறகு வாகன நெரிசல். பம்பலப்பிட்டியில் மண்டப வாசலில் பஸ் நிற்கும்போது ஏழு ஏழரை ஆகிவிடும். இறங்கியதும் பெண்கள் ஒருவருக்கொருவர் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துவிடுவார்கள். தாத்தாமார் தோள் துண்டை உதறி மடித்துப் போடுவார்கள். பிள்ளைகள் கண்ணாடிக் கதவில் முகம் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் படம் எடுக்க வந்தவர் உள்ளே நின்று மணவறைப் பூவையும் சரவிளக்கையும் எடுத்துக்கொண்டிருந்தால், அன்றைய முதல் நல்ல படம் வாசலிலேயே போய்விட்டது என்று அர்த்தம். மண்டபம் நாளைக்கும் இருக்கும். அதே பூவை வேறொரு வீட்டுக்காரர் வாடகைக்கு எடுப்பார். இந்த பஸ்ஸில் வந்த நாற்பது ஐம்பது பேரும் இதே உடுப்பில், இதே முகத்தோடு இன்னொரு தடவை ஒன்றாக நிற்கப்போவதில்லை.

சப்ரகமுவத் தோட்டங்களின் கல்யாணங்களைப் படம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் ஸ்டூடியோக்காரர்கள்தான். இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, எஹலியகொடை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, கேகாலை என்று பஸ் நிலையங்களுக்கு அருகே இருக்கும் சின்னக் கடைகள். அடையாள அட்டைப் படமும் பாஸ்போர்ட் படமும் வார நாட்களின் பிழைப்பு. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமையின் பிழைப்பு. முன்பு தோட்டத்துக் கோயிலிலோ, லயத்துக்கு முன்னால் போட்ட பந்தலிலோ எல்லாம் முடிந்தது. இப்போது பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். பெண் காவத்தையில், மாப்பிள்ளை வத்தளையில் என்றால் கொழும்பு மண்டபம் இரண்டு வீட்டாருக்கும் ஒத்துவரும். அதனால் ஊர் ஸ்டூடியோக்காரரும் கமராப் பையைத் தூக்கிக்கொண்டு, ஏ4 வீதியில் நூறு கிலோமீற்றர் தாண்டி, தான் பழகாத வெளிச்சத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டத்தில் நான் பார்த்ததும் பழகியதும் தொழில்காரர்களோடு பேசித் தெளிந்ததும்தான் இங்கே எழுதுவது.

முதலில் கவனிக்க வேண்டியது திசை. மணமக்களைக் கிழக்கு முகமாக உட்கார வைப்பது வழக்கம். காலை முகூர்த்தத்தில் சூரியனும் கிழக்கே. அந்தப் பக்கத்து ஜன்னலையோ வாசலையோ திறந்துவிட்டால் பெண்ணின் முகத்தில் விழும் வெளிச்சத்துக்கு எந்த பிளாஷும் ஈடாகாது. ஆனால் பல மண்டபங்களில் அந்தப் பக்கம் திரைச்சீலை தொங்கும், அல்லது வீடியோக்காரரின் பெரிய விளக்கு நிற்கும். முதல் நாளே போய், அல்லது முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பாவது போய், மண்டபப் பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டால் திரையை விலக்கித் தருவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு. கைத்தொலைபேசியில் திசைகாட்டி இருக்கிறது. மணவறை எந்தப் பக்கம் பார்க்கிறது, முகூர்த்த நேரத்தில் வெயில் எந்தக் கதவில் விழும் என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

நேரத்தையும் அப்படித்தான் முன்கூட்டியே கணிக்க வேண்டும். ஞாயிறு இராகு காலம் மாலை நாலரையிலிருந்து ஆறு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தில் காலை முழுவதும் நல்ல நேரமாக நீளும். முகூர்த்தம் கொஞ்சம் பிந்தினாலும் ஐயர் பதறமாட்டார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை இராகு காலம். ஒன்பதுக்கு முன் தாலி ஏற வேண்டுமென்றால் எட்டே முக்காலுக்கு எல்லாம் ஓட்டமாக இருக்கும். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது, வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த படப்பிடிப்பாளருக்கு அன்றைய பரபரப்பு எந்த நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

தாலி கட்டும் அந்தச் சில விநாடிகளுக்குத்தான் இவ்வளவு ஆயத்தமும். ஐயர் தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசிக்கு அனுப்புவார். தட்டு சபையைச் சுற்றி வரும். அது மணவறைக்குத் திரும்பும்போதே கமராக்காரர் தன் இடத்தில் நின்றுவிட வேண்டும். ஐயர் கையைத் தூக்கி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றதும் தவில் உச்சத்துக்குப் போகும், சபை முழுக்க எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும். அந்த நேரத்தில் இடம் தேடினால் கிடைப்பது முதுகுகள்தான். மாப்பிள்ளை எழுந்து பெண்ணின் பின்பக்கமாகக் குனிவாரா, பக்கத்திலிருந்தே கட்டுவாரா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதை முன்பே மாப்பிள்ளையின் தாய்மாமனிடமோ அக்காவிடமோ கேட்டுவிடுவது நல்லது. மூன்றாவது முடிச்சைப் போடுவது நாத்தனார் என்றால் அவர் நிற்கும் பக்கம் அடைபடும். எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். “மாப்பிள்ளை, கொஞ்சம் நிறுத்துங்க, இந்தப் பக்கம் பாருங்க” என்று தாலிக் கயிற்றோடு ஆளை நிறுத்திவைக்கும் பழக்கம் பரவிவிட்டது. முகூர்த்தம் வீட்டாருடையது. கமராவுக்காக ஒரு முடிச்சுக்கூடத் தாமதமாகக் கூடாது. மணவறைக்குள் யார் எப்போது ஏறலாம் என்று ஐயரிடம் முன்பே பேசிவைத்தால் அவரே பல சமயம் ஒரு பக்கம் ஒதுங்கி வழிவிடுவார்.

நட்சத்திர ஹோட்டல் மண்டபம் வேறொரு உலகம். 1864இல் திறந்த காலிமுக ஹோட்டல், 1984இல் வந்த தாஜ் சமுத்ரா, 2017இல் வந்த ஷங்ரி-லா என்று காலிமுகத்திடலைச் சுற்றி நிற்கும் இவற்றில் தோட்டத்துக் குடும்பமொன்று கல்யாணம் வைப்பது அரிது. ஆனால் மாப்பிள்ளை வீடு கொழும்பில் வசதியானது என்றால், வரவேற்பு இப்படியோர் இடத்தில்தான். ஊர் ஸ்டூடியோவில் சுவர் வெள்ளை, கூரை தாழ்வு. பிளாஷைக் கூரைக்குத் திருப்பினால் வெளிச்சம் மென்மையாகத் திரும்பி வரும். ஹோட்டல் மண்டபத்தில் கூரை எட்டாத உயரத்தில் இருக்கும். சிலவற்றில் மரப்பலகை, சிலவற்றில் கறுப்பு. பிளாஷ் மேலே போனால் போனதுதான். பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் குடையோடு மேடையின் ஒரு பக்கம் வைத்து, ரேடியோ டிரிகரால் இயக்குவதுதான் வழி. ஸ்டாண்டின் அடியில் மணல் மூட்டை கட்டாயம் வேண்டும்; பிள்ளைகள் ஓடுவார்கள்.

அடுத்த தொல்லை நிற விளக்குகள். மேடைக்குப் பின்னால் ஊதா, பக்கச் சுவரில் நீலம், மேலே மஞ்சள். கறுப்பும் மாநிறமுமான நம் ஆட்களின் முகத்தில் ஊதா வெளிச்சம் பட்டால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். பிறகு கணினியில் எவ்வளவு திருத்தினாலும் உயிர் வராது. விளக்குக்காரரிடம் போய், “அண்ணே, குடும்பப் படம் எடுக்கிற அரை மணித்தியாலம் மட்டும் முன்னால இருக்கிற ஊதாவ அணைச்சித் தாங்க” என்று கேட்டால் போதும். பின்னணியில் அது இருந்துவிட்டுப் போகட்டும். முகத்தில் விழாமல் இருந்தால் சரி.

எல்ஈடி விளக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் மலிவான எல்ஈடியும் பழைய குழல் விளக்கும் விநாடிக்கு நூறு தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம் 1/50, 1/100 என்று வைத்தால் படம் சுத்தமாக வரும். 1/250, 1/500 என்று போனால் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழலாம். புதிய கமராக்களில் உள்ள சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இந்தப் பட்டைகள் இன்னும் மோசமாக வரும். கோயிலிலும் தேவாலயத்திலும் சத்தம் வரக்கூடாதென்று அதைப் போடுபவர்கள், முதலில் இரண்டு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே தொடர வேண்டும்.

சிவப்புக் கூரைச்சேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டுச் சிவப்பும் சரிகையும் மஞ்சள் விளக்கின் கீழே சேரும்போது டிஜிட்டல் கமராவின் சிவப்பு நிறம் எளிதில் மிஞ்சிவிடும். திரையில் படம் சரியாகத்தான் தெரியும். அல்பத்தில் அச்சாகி வரும்போது சேலையில் நெசவும் இருக்காது, பூவேலையும் இருக்காது. ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். அந்தச் சேலைக்காகப் பெண்ணின் அம்மா எத்தனை மாதம் சீட்டுக் கட்டியிருப்பார் என்று தெரிந்தவர்கள் அதை இப்படிக் கெடுக்கமாட்டார்கள். கமராவில் சிவப்பு நிறத்துக்கான ஒளி வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) தனியாகப் பார்த்து, வெளிச்சத்தை அரை ஸ்டொப் குறைத்து, ரோ கோப்பாக எடுத்தால் நூல்கூடத் தெரியும்.

கோயிலில் நடக்கும் கல்யாணத்துக்கு இந்த உபகரணங்கள் பலவும் உதவாது. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை எடுத்துக்கொள்வோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கோயில் அது. வெளியே கொழும்பு வெயில் கொளுத்தும். உள்ளே தூண்களுக்கு நடுவே குளிர்ந்த இருட்டு. கருங்கல் வெளிச்சத்தை விழுங்கும். அங்கே பிளாஷ் அடித்தால் முன்னால் நிற்பவர் வெளுத்து, பின்னால் உள்ள தூணெல்லாம் கரியாகிவிடும். நான் விரும்புவது பிளாஷே இல்லாமல் எடுப்பதுதான். எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 3200இலிருந்து 6400, ஷட்டர் 1/100. கொஞ்சம் மணல் மணலாக வரும், வரட்டும். எண்ணெய் விளக்கின் மஞ்சளை வெள்ளையாக்கப் பார்க்க வேண்டாம். கோயில் வெளிச்சம் மஞ்சள்தான். அந்த மஞ்சளோடுதான் அந்த நாள் குடும்பத்தார் நினைவில் இருக்கும்.

எந்தக் கோயிலானாலும் மூலஸ்தானத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது மற்றவை: சுவாமிக்கும் நந்திக்கும் இடையில் குறுக்கே நிற்காதீர்கள், பலிபீடத்தில் பையை வைக்காதீர்கள், தோல் இடுப்புப் பட்டியைக் காரிலேயே விட்டுவிடுங்கள், ஹோமப் புகை எழும்போது நேரே பிளாஷ் அடிக்காதீர்கள். புகையில் முன்பக்க வெளிச்சம் பட்டால் படம் முழுக்க வெள்ளைத் திரை விழும். அதே புகைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தால் மந்திரம் கண்ணுக்குத் தெரிவதுபோல் இருக்கும். இரண்டடி நகர்ந்தால் போதும்.

தோட்டங்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் நிறைய உண்டு. 1995இல் தனி மறைமாவட்டமான இரத்தினபுரியில் புனித பேதுரு பவுல் பேராலயம் இருக்கிறது. தோட்டந்தோறும் சிறு சிற்றாலயங்களும் இருக்கின்றன. திருமணத் திருப்பலியில் ஃபாதர் விதிப்பதுதான் சட்டம். பூசைக்கு முன் அவரைச் சந்தித்து, எங்கே நிற்கலாம், எப்போது பிளாஷ் கூடாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எழுந்தேற்றத்தின்போது கமரா அமைதியாக இருக்கட்டும். இருவரும் கைபிடித்து வார்த்தைப்பாடு கொடுக்கும் நேரம்தான் முக்கியம். அதற்கு நடுப்பாதையில் நின்று மக்களை மறைக்க வேண்டியதில்லை. பக்கப் பாதையில் 85 அல்லது 135 மில்லிமீற்றர் லென்ஸோடு நின்றால் பெண்ணின் கண்ணில் திரளும் நீர்கூடக் கிடைக்கும்.

மாவனல்லை, பலாங்கொடை போன்ற ஊர்களின் முஸ்லிம் கல்யாணங்களுக்கும் நம் ஸ்டூடியோக்காரர்களே பல சமயம் போகிறார்கள். நிக்காஹ் பள்ளிவாசலில் என்றால் பெண் அங்கே இருக்கமாட்டார். மாப்பிள்ளையும் பெண்ணின் வலி எனப்படும் பொறுப்பாளரும் கையெழுத்திடுவார்கள், படமும் அவர்களுடையதே. பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரையே அனுப்ப வேண்டும். அந்தப் படங்களை ஸ்டூடியோவின் பேஸ்புக் பக்கத்தில் போடும் பேச்சே இருக்கக் கூடாது. சப்ரகமுவவில் பெண் படப்பிடிப்பாளர்கள் மிகக் குறைவு. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வந்தால் வேலை காத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்கள வீட்டில் சம்பந்தம் வைத்த கல்யாணங்களில் காலையில் மணவறை, பிறகு போருவ என்னும் சிங்கள மணமேடை. ஹோட்டல்கள் இரண்டையும் ஒரே மேடையில் மாற்றி மாற்றி வைத்துத் தருகின்றன. போருவவில் மணமக்களின் சுண்டுவிரல்களை நூலால் கட்டி நீர் வார்க்கும் நேரம்தான் உயிர்நாடி. அதற்கும் நெக்கத் என்று குறித்த நேரம் உண்டு. தாலிக்கு நின்ற அதே கவனத்தோடு அங்கும் நிற்க வேண்டும். தமிழ் வீட்டார் கொடுத்த காசு என்று இன்னொரு வீட்டுச் சடங்கை அரைமனதோடு எடுக்கும் ஆட்களை நான் மதிப்பதில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொழும்பில் வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த நாள் அது. பெரிய கறுப்புப் பைகளோடு வருபவரை வாசலில் நிறுத்திச் சோதிப்பதில் யாரும் மனம் கோணக்கூடாது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உதவியாளர்களின் பெயர்களையும் வாகன இலக்கத்தையும் ஹோட்டலுக்கு முன்பே கொடுத்துவிட்டால் அரை மணித்தியாலம் மிச்சம். டிரோன் பறக்கவிட விரும்புபவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் படித்துவிட்டு, பதிவும் அனுமதியும் இருந்தால் மட்டும் எடுத்து வாருங்கள். காலிமுகத்திடலை ஒட்டி ஜனாதிபதி செயலகம் இருக்கிறது. அங்கே சும்மா பறக்கவிட்டுப் பார்ப்போம் என்பது விளையாட்டுக்குரிய காரியமல்ல.

கொழும்பு ஒருபுறம் இருக்கட்டும். கல்யாணத்தின் பாதி இன்றும் தோட்டத்தில்தான் நடக்கிறது. நலுங்கு, பெண் சோடிப்பு, வீட்டு வாசலில் ஆரத்தி, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுப் புறப்படுதல் எல்லாம் அங்கேதான். லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் பெண், சோடிக்கும் அக்கா, அம்மா, அத்தை, நாலு பிள்ளைகள். அகல லென்ஸைப் போட்டால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுப் போகும். 35 மில்லிமீற்றர் லென்ஸோடு வாசற்படியில் நின்று எடுப்பதே நல்லது. அந்த வீட்டில் மிகப் பெரிய ஜன்னல் கதவுதான். கதவைத் திறந்துவைத்து, பெண்ணை அதற்குப் பக்கவாட்டில் உட்கார வைத்தால் ஹோட்டலின் அலங்கார அறையில் கிடைக்காத வெளிச்சம் கிடைக்கும். இஸ்தோப்பு அதைவிட நல்ல இடம். மேலே கூரை, முன்னால் திறந்த வானம். பாட்டிமாரைப் படம் எடுக்க அதுபோல் ஓர் இடம் கொழும்பில் இல்லை.

பச்சை ஒரு தொல்லை. தேயிலைக்கு நடுவிலும் ரப்பர் மரங்களுக்குக் கீழேயும் நிற்கும்போது இலையில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் பச்சையாகப் படியும். நாடிக்குக் கீழே, கழுத்தில் பார்த்தால் தெரியும். ஒரு வெள்ளைப் போர்வையை ஆள் வைத்துக் கீழே பிடித்தாலே பாதி போய்விடும். தை, மாசியில் ரப்பர் இலையுதிர்த்து நிற்கும். அப்போது மரங்களுக்கு நடுவே வெயில் தாராளமாக இறங்கும், நிலமெல்லாம் பழுப்புச் சருகு. தைக் கல்யாணக்காரர்களுக்கு அதைவிட நல்ல வெளிப்படம் இந்தப் பகுதியில் இல்லை என்பேன். கித்துல்கலையின் களனி கங்கைக் கரையும் அப்படித்தான். டேவிட் லீன் 1956–57இல் ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படத்தை அங்கே எடுத்தார். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்கான ஒஸ்காரும் கிடைத்தது. ஆற்றுக்கு மேலே காலை பனி விலகும் நேரத்தில் போய் நின்றால் காரணம் தெரியும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் மணமக்களை நிறுத்தி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு மாப்பிள்ளைகளுக்கு அது அழகாகத் தெரிகிறது. சில வேளை கூடையையும் தூக்கச் சொல்கிறார்கள். பெண்ணின் அம்மா முப்பது வருடம் அந்தக் கூடையைத் தலைக்கயிற்றில் சுமந்தவர். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே போன்ற நிறுவனங்களின் தபால் அட்டைக் காலத்திலிருந்தே கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அந்தப் படங்களில் பெயர் இல்லை. பெண் விரும்பினால் தேயிலைக்குள் நிற்கட்டும். விரும்பாவிட்டால், காலிமுகத்திடலில் கடலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னால், அங்கே போய் எடுத்துக் கொடுங்கள். மாலை ஆறை ஒட்டி அங்கே நேராகக் கடலுக்குள்ளேயே சூரியன் இறங்கும். ஒரு மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். எந்த இடத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது.

பெரியவர்களின் படத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். மலையகத்தில் ஒரு தலைமுறைக்குப் படம் என்பதே கோப்புக்காக எடுத்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று கணக்குப் பிரித்தது. மீதிப் பேருக்கு 2003 வரை சட்டங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது. நெற்றி தெரிய, காது தெரிய, சிரிக்காமல். அப்படியொரு பாட்டியிடம் இஸ்தோப்பில் கமராவைத் தூக்கியதும் அவர் உடம்பு விறைத்துவிடும். ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, என்னய தனியா ஒன்னு புடிச்சித் தாங்களேன். நாள பின்ன செத்துக்கித்துப் போனா வைக்க ஒரு நல்ல படம் இல்ல.” பேத்தியின் கல்யாணப் படங்களில் வெட்டியெடுத்த முகம்தான் தோட்டத்தில் பலருக்குக் கண்ணீர் அஞ்சலிப் படமாகிறது. ஓரத்தில் பாதித் தோள், பின்னால் யாரோ ஒருவரின் கை.

அதற்காக ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் சொல்லி வருகிறேன். கல்யாண வீட்டில் ஒரு நாற்காலியை இஸ்தோப்பில் போட்டுவைத்து, அறுபது தாண்டிய ஒவ்வொருவரையும் தனியாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஊர்க்கதை பேசிக்கொண்டே, வெற்றிலை போடவிட்டு, அவர் சிரிக்கும்வரை காத்திருந்து. அச்சுப் போட்டு, கணக்கில் சேர்க்காமல் வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். கொழும்பு மண்டபத்திலும் இதற்கு இடம் உண்டு: சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வழியில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி போதும்.

காசு விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய். ஓர் அல்பத்தின் விலையை இந்தக் கூலியால் வகுத்துப் பார்த்தால் எத்தனை நாள் வெயிலும் அட்டைக்கடியும் அதற்குள் இருக்கிறது என்று தெரியும். எத்தனை படம், எத்தனை பக்கம், போக்குவரத்து யார் செலவு, மழையால் நாள் மாறினால் என்ன என்பதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். மொய் எழுதும் மேசையைப் படம் எடுப்பவர்கள் கொப்பியில் உள்ள பெயரும் தொகையும் வாசிக்கக்கூடியதாக எடுக்காதீர்கள். யார் எவ்வளவு வைத்தார் என்பது படத்தில் பரவினால் தோட்டத்தில் ஒரு வருடப் பகை.

மழையைச் சொல்லாமல் இரத்தினபுரியைப் பற்றி எழுத முடியாது. ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் ஊர். வைகாசி நல்ல முகூர்த்த மாதம். தென்மேற்குப் பருவமழை இறங்குவதும் அப்போதுதான். 2003 மே மாத வெள்ளம், 2016 மே 17 அரநாயக்க மண்சரிவு, 2017 மே மாத வெள்ளம் மூன்றும் இந்த முகூர்த்தக் காலத்தில்தான் வந்தன. ஆகவே குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது லென்ஸில் படியும் ஈரத்துக்குப் பையை மூடியே வைத்து இருபது நிமிடம் பொறுப்பது, சிலிக்கா ஜெல் பைகளை மாற்றுவது, ஒவ்வொரு படத்தையும் இரண்டு மெமரி கார்ட்டில் ஒரே நேரத்தில் பதிவது எல்லாம் இங்கே ஆடம்பரம் இல்லை. வீட்டாருக்கும் ஒன்று: நனைந்த அல்பத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசிப் பிரித்து, நிழலில் படம் மேலே தெரிய விரித்துக் காயவிடுங்கள். பல படங்கள் பிழைக்கும்.

பிழைக்காதவற்றுக்கு ஸ்டூடியோதான் கடைசி நம்பிக்கை. வெள்ளத்திலும் மண்சரிவிலும் வீடு போனவர்கள் சில மாதம் கழித்துக் கடைக்கு வந்து, “அண்ணே, எங்க கல்யாணப் படம் ஒன்னாச்சும் இருக்கா?” என்று கேட்பார்கள். அல்பம் கொடுத்தவுடன் கோப்புகளை அழித்துவிடும் வழக்கத்தை விடுங்கள். ஒரு பிரதி கடையில், இன்னொரு பிரதி உயரமான இடத்திலுள்ள வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கின் மேல் பெயர், தோட்டம், டிவிஷன், திகதி எழுதி ஒட்டுங்கள். சப்ரகமுவவில் கடை வைத்திருக்கும் தொழில்காரர்களே, வரும் வைகாசிக்கு முன் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, ஓடாதவற்றுக்கு இன்றே வழி பாருங்கள்.